வாசகர் கேள்வி, ஆசிரியர் பதில்: ஒருபக்கம் சாயாத வெள்ளை அறிக்கை

வெள்ளை அறிக்கை எழுதும் பொறுப்பு தங்கள் தலையில் விழுந்திருப்பதாகவும், அதைப் படிப்பவர் நம்பும்படியும் ஒருபக்கம் சாயாமலும் எழுதுவது எப்படி என்றும் கேட்டு வாசகர்கள் சிலர் கடிதம் எழுதியிருக்கிறார்கள். கேள்விகள் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதால் இம்முறை இப்பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஐயா, அரசு தன் கொள்கையை விளக்கி வெளியிடுவதையும் வெள்ளை அறிக்கை என்கிறார்கள், ஒரு மென்பொருள் நிறுவனம் தன் சரக்கைப் பற்றி வெளியிடும் பத்துப் பக்கத்தையும் வெள்ளை அறிக்கை என்கிறார்கள். இரண்டுக்கும் பொதுவானது என்ன? விளம்பரத்துக்கும் வெள்ளை அறிக்கைக்கும் எல்லைக்கோடு எங்கே இருக்கிறது?

பதில்: பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட்ட தடித்த ஆவணங்களுக்கு நீல அட்டை போடுவது வழக்கமாக இருந்தது, அவ்வளவு பெரிதாக இல்லாதவை வெள்ளைத் தாளோடு வெளிவந்தன. பாலஸ்தீனம் குறித்த கொள்கையை விளக்கி 1922-இல் வெளியான ஆவணம் இவ்வகையில் பலரும் எடுத்துக்காட்டும் பழைய ஒன்று. ஐரோப்பிய ஆணையம் 1985-இல் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, உறுப்பு நாடுகளுக்கிடையே இருந்த வணிகத் தடைகளை நீக்குவதற்கு ஏறத்தாழ 300 சட்ட நடவடிக்கைகளை வரிசையாக எழுதி, அவற்றை முடிப்பதற்கு 1992 என்று கெடுவும் வைத்தது. நிறுவனங்கள் இந்தப் பெயரை எடுத்துக்கொண்டது பிற்பாடுதான். அரசுடையதானாலும் நிறுவனத்துடையதானாலும், ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு, அதற்குரிய சான்றுகளைப் பரப்பி வைத்து, அவற்றிலிருந்து ஒரு தீர்வையோ கொள்கையையோ வாதிட்டு நிறுவுவதுதான் வெள்ளை அறிக்கையின் வேலை. ஆகவே, முடிவே சொல்லாமல் இருந்தால்தான் நடுநிலை என்று எண்ணிக்கொண்டு, இருபது பக்கம் எழுதியபின் "மேலும் ஆய்வு தேவை" என்று கைகழுவுவது நடுநிலையாகாது. அது வேலையைப் பாதியில் விட்டதாகத்தான் கொள்ளப்படும்.

எல்லைக்கோடு என்று கேட்டால் நான் இங்கேதான் போடுவேன்: விளம்பரம் தன் கூற்றைத் தோற்கடிப்பதற்குரிய வழியைப் படிப்பவர் கையில் கொடுப்பதில்லை, நல்ல வெள்ளை அறிக்கை கொடுக்கிறது. 2008 அக்டோபர் 31 அன்று சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் வெளியான, 9 பக்கமே உள்ள பிட்காயின் வெள்ளை அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். பிட்காயினால் உலகுக்கு நன்மையா தீமையா என்ற வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். தான் முன்வைக்கும் அமைப்பை ஒருவர் ஏமாற்ற முயன்றால் அவர் வெல்லும் வாய்ப்பு எவ்வளவு என்பதை அந்த ஆவணமே கணக்கிட்டு, அமைப்பின் மொத்தக் கணினி வலிமையில் 10 சதவீதம் ஏமாற்றுபவர் கையில் இருந்தால் என்ன, 30 சதவீதம் இருந்தால் என்ன என்று எண்களை அடுக்கிக் காட்டுகிறது. மறுக்க நினைப்பவர் அந்தக் கணக்கிலிருந்தே தொடங்கலாம். விற்பனைப் பிரிவு எழுதும் துண்டறிக்கையில் இப்படியொரு பக்கத்தை நான் இதுவரை பார்த்ததில்லை.

கேள்வி: நான் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் நிர்வாகம் முடிவை முதலிலேயே சொல்லிவிட்டு, "இதற்கு ஒரு வெள்ளை அறிக்கை தயார் செய்யுங்கள்" என்கிறது. இந்த நிலையில் சார்பில்லாமல் எழுதுவது சாத்தியமா? மனசாட்சி உறுத்துகிறது.

பதில்: சாத்தியம்தான், ஆனால் நீங்கள் நினைக்கும் இடத்தில் போராடிப் பயனில்லை. நிர்வாகத்துக்கு ஒரு நிலைப்பாடு இருப்பது குற்றமில்லை. அந்த நிலைப்பாட்டைக் கெடுக்கக்கூடிய தகவல்கள் அறிக்கைக்குள் வராமல் தடுக்கப்படுவதுதான் குற்றம். அப்படித் தடுப்பவர் பெரும்பாலும் மேலதிகாரி அல்லர், எழுதுபவரேதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். யாரும் மிரட்டாமலேயே, "இது குழப்பும்", "இது நம் பொருளுக்குத் தேவையில்லை" என்று தாமாகவே வெட்டிவிடுகிறோம்.

நல்லெண்ணம் கொண்டவர்களே தரவைத் தெரிந்தெடுப்பதில் எப்படித் தவறுகிறார்கள் என்பதற்கு, அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் ஏவப்பட்டுச் சிதறியதற்கு முந்தைய இரவான 1986 ஜனவரி 27-ஐ விடத் தெளிவான சான்று கிடைக்காது. குளிர் அதிகமாக இருந்ததால், உந்துகலத்தின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் தாங்குமா என்று பொறியாளர்கள் கவலைப்பட்டார்கள். முன்பு வளையங்களில் சேதம் ஏற்பட்ட பயணங்களை எடுத்து, அப்போதிருந்த வெப்பநிலையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 53 பாரன்ஹீட்டிலும் சேதம் இருந்தது, 75 பாரன்ஹீட்டிலும் சேதம் இருந்தது. ஆகவே குளிருக்கும் சேதத்துக்கும் உறுதியான தொடர்பு தெரியவில்லை என்று தோன்றியது. சேதமே ஏற்படாத பயணங்களை அந்த ஒப்பீட்டில் யாரும் சேர்க்கவில்லை. விபத்துக்குப் பின் விசாரணைக் குழு அவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது படம் தலைகீழாக மாறிற்று: 66 பாரன்ஹீட்டும் அதற்கு மேலும் இருந்த 20 பயணங்களில் மூன்றில் மட்டுமே சேதம், 63-உம் அதற்குக் கீழும் இருந்த 4 பயணங்களில் நான்கிலும் சேதம். ஏவப்பட்ட காலையிலோ வெப்பநிலை 36 பாரன்ஹீட் மட்டுமே. விண்கலத்தில் இருந்த ஏழு பேரும் இறந்தார்கள்.

இதில் எவரும் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். எந்தப் பயணங்களை வரைபடத்தில் ஏற்றுவது என்ற முடிவில்தான் எல்லாம் போயிற்று. உங்கள் அறிக்கையில் "எங்கள் முறையைப் பின்பற்றிப் பயனடைந்த ஐந்து வாடிக்கையாளர்கள்" என்று ஒரு பகுதி இருந்தால், பின்பற்றியும் பயனடையாதவர்கள் எத்தனை பேர் என்ற எண் அதன் அருகிலேயே வர வேண்டும். அந்த எண் கையில் இல்லையென்றால், இல்லை என்று எழுதிவிடுங்கள்.

நடைமுறையில் உங்களுக்கு உதவக்கூடிய ஒரு வழி உண்டு. தரவைத் தேடத் தொடங்குவதற்கு முன்பே, எந்தக் காலத்துத் தரவை எடுப்பீர்கள், எதை எதோடு ஒப்பிடுவீர்கள், எது வந்தால் முடிவு தவறென்று ஒப்புக்கொள்வீர்கள் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி நிர்வாகத்திடம் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். தரவு என்ன சொல்லும் என்று தெரியாத நிலையில் எவரும் இதற்கு மறுப்புச் சொல்வதில்லை. தெரிந்தபின் கேட்டால் ஆயிரம் நொண்டிச்சாக்கு வரும். ஒப்பீட்டைப் பற்றி மேலும் ஒன்று: உங்கள் தீர்வைச் சந்தையில் உள்ளவற்றுள் மட்டமானதோடு ஒப்பிட்டுவிட்டுப் பெருமைப்பட வேண்டாம். சிறந்த மாற்றோடு ஒப்பிடுங்கள். எதையும் செய்யாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதோடும் ஒப்பிடுங்கள். இந்த இரண்டாவது ஒப்பீட்டை எழுதாமல் விடும் அறிக்கைகளே மிகுதி.

கேள்வி: ஒரே ஆய்வின் முடிவுகளைப் பொறியாளர்கள், நிதிப் பொறுப்பில் இருப்பவர்கள், பொதுமக்கள் என்று மூன்று தரப்புக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரே அறிக்கை போதுமா, மூன்று எழுத வேண்டுமா? மூன்று எழுதினால், ஆளுக்கொரு பேச்சு பேசுவதாக ஆகிவிடாதா?

பதில்: வந்த கேள்விகளில் இதுவே கடினமானது, ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். என் கருத்தில் மூன்று எழுதலாம், எழுதவும் வேண்டும். ஆளுக்கு ஆள் மாறக்கூடியவை சில, மாறவே கூடாதவை சில என்று முதலிலேயே பிரித்துக்கொண்டால், நீங்கள் அஞ்சுவது நடக்காது. எதை முதலில் சொல்வது, எவ்வளவு விளக்குவது, எந்தச் சொல்லைப் பயன்படுத்துவது ஆகியவை படிப்பவருக்கு ஏற்ப மாறலாம். என்ன கண்டீர்கள், எவ்வளவு உறுதியாகக் கண்டீர்கள், எங்கே அது பலிக்கவில்லை ஆகிய மூன்றும் எந்தப் பதிப்பிலும் மாறக் கூடாது.

ஒரு கற்பனைச் சோதனையை வைத்துப் பார்ப்போம். குடிநீர்க் குழாய்களில் கசிவைக் கண்டுபிடிக்கும் உணர்கருவிகளை 12 பகுதிகளில் ஆறு மாதம் பொருத்திப் பார்த்ததாக வைத்துக்கொள்ளுங்கள். 9 பகுதிகளில் கசிந்து வீணாகும் நீர் 30 சதவீதத்திலிருந்து 24 சதவீதமாகக் குறைந்தது. பழைய வார்ப்பிரும்புக் குழாய்கள் உள்ள மற்ற 3 பகுதிகளில் மாற்றமே இல்லை.

பொறியாளருக்கு எழுதும்போது, கருவிகளை எவ்வளவு இடைவெளியில் பொருத்தினீர்கள், எந்த அழுத்தத்தில் அளந்தீர்கள், கசிவைக் கணக்கிட்ட முறை என்ன, அதில் பிழைவரம்பு எவ்வளவு என்பவை முன்னால் வர வேண்டும். அவர் முதலில் தேடப்போவது அந்த 3 பகுதிகளைத்தான். ஏன் பலிக்கவில்லை என்ற உங்கள் ஊகத்தை ஊகம் என்று சொல்லியே எழுதுங்கள். அவர் உங்களை நம்புவது அங்கேதான் தொடங்கும்.

நிதிப் பொறுப்பில் இருப்பவருக்கு அழுத்த அளவுகள் வேண்டியதில்லை. எவ்வளவு செலவு, எத்தனை ஆண்டில் திரும்ப வரும், அந்தக் கணக்கு எந்த அனுமானத்தின்மேல் நிற்கிறது, அனுமானம் பொய்த்தால் என்ன ஆகும் என்பவை வேண்டும். பெரும்பாலான அறிக்கைகள் சறுக்கும் இடம் இதுதான். பொறியாளருக்கான பதிப்பில் ஒழுங்காக எழுதப்பட்ட அந்த 3 பகுதிகள், நிதிப் பதிப்புக்கு வரும்போது "தொழில்நுட்ப விவரம்" என்ற பெயரில் பின்னிணைப்புக்குப் போய்விடும். ஆனால் அவை பணக் கணக்கையே மாற்றக்கூடியவை. மொத்தக் குழாய்களில் பாதி வார்ப்பிரும்பாக இருந்தால், போட்ட பணத்தில் ஏறத்தாழப் பாதி வீண். ஆகவே நிதிப் பதிப்பின் முதல் பத்தியில் இப்படி ஒரு வாக்கியம் நிற்க வேண்டும்: "சோதித்த 12 பகுதிகளில் 9-இல் கசிவு குறைந்தது, பழைய வார்ப்பிரும்புக் குழாய்கள் உள்ள 3 பகுதிகளில் குறையவில்லை, எனவே வார்ப்பிரும்புக் குழாய்கள் உள்ள இடங்களுக்கு இப்போதைக்கு இதைப் பரிந்துரைக்கவில்லை." இதில் ஒரு தொழில்நுட்பச் சொல்கூட இல்லை, ஆனால் மறைந்ததும் ஏதுமில்லை.

பொதுமக்களுக்கான பதிப்பில் எண்களைச் சொல்லும் விதத்தில் கவனம் வேண்டும். 30 என்பது 24 ஆனதை "6 சதவீதப் புள்ளிகள் குறைந்தன" என்றும் சொல்லலாம், "கசிவு 20 சதவீதம் குறைந்தது" என்றும் சொல்லலாம், இரண்டும் உண்மை. ஆர்வலர் இரண்டாவதைப் பிடித்துக்கொள்வார், எதிர்ப்பவர் முதலாவதைப் பிடித்துக்கொள்வார். இரண்டையும் விட்டுவிட்டு, "100 குடம் நீர் அனுப்பினால் முன்பு 30 குடம் வீணாயிற்று, இப்போது 24 குடம் வீணாகிறது" என்று எழுதிவிட்டால் எவரும் எவரையும் ஏமாற்ற முடியாது.

இது வெறும் நடைப் பிரச்சினை என்று எண்ண வேண்டாம். 1995 அக்டோபரில் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு, சிலவகைக் கருத்தடை மாத்திரைகளால் இரத்தக்கட்டு ஏற்படும் அபாயம் இருமடங்காகிறது என்று எச்சரித்தது. இருமடங்கு என்பது உண்மைதான். 7,000 பெண்களில் ஒருவருக்கு இருந்த அபாயம் 7,000 பேரில் இருவருக்கு என்று ஆனது. அடிப்படை எண் எட்டாத இடத்துக்கெல்லாம் "இருமடங்கு" என்ற சொல் மட்டும் எட்டிற்று. பெண்கள் பலர் மாத்திரையை நிறுத்தினார்கள்; அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்தன என்று பின்னர் மதிப்பிடப்பட்டது. கர்ப்பகாலத்தில் இரத்தக்கட்டு ஏற்படும் அபாயம் அந்த மாத்திரைகளால் வருவதைவிட அதிகம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஒப்பீட்டு விகிதத்தை எழுதினால் அடிப்படை எண்ணையும் அதே வாக்கியத்தில் எழுதுவது என்பதைக் கைப்பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

வேலை முறையைப் பொறுத்தவரை, மூன்றையும் தனித்தனியாக எழுதத் தொடங்காதீர்கள். முழு விவரமும் உள்ள ஒரு மூல அறிக்கையை முதலில் முடித்துவிட்டு, அதிலிருந்து மற்ற இரண்டையும் இறக்குங்கள். முடிந்தபின் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மூன்று தரப்பினரும் ஒரே அறையில் உட்கார்ந்து தங்கள் பிரதிகளை மாற்றிப் படித்தால் எவருக்காவது கோபம் வருமா என்று பாருங்கள். வருமென்றால் அந்த இடத்தைத் திருத்துங்கள்.

கேள்வி: "வாய்ப்புண்டு", "கூடும்", "பெரும்பாலும்" போன்ற சொற்களைப் பயன்படுத்தினால் அறிக்கை வலுவிழக்கிறது என்கிறார் என் மேலாளர். அவற்றை நீக்கிவிடலாமா?

பதில்: நீக்க வேண்டாம், அவற்றுக்கு அளவு கொடுங்கள். அமெரிக்க உளவுத்துறையின் மதிப்பீட்டாளராக இருந்த ஷெர்மன் கென்ட் 1964-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதைப் பற்றி ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். 1951-இல் யூகோஸ்லாவியாமீது தாக்குதல் நடக்கும் வாய்ப்பைக் குறித்து, அது "கருதத்தக்க சாத்தியம்" என்ற பொருள்பட அவருடைய அலுவலகம் அறிக்கை கொடுத்திருந்தது. அதைப் படித்த உயர் அதிகாரி ஒருவர், அப்படியென்றால் எவ்வளவு என்று பின்னர் கேட்க, நடப்பதற்கு 65, நடக்காமலிருக்க 35 என்று கென்ட் சொன்னார். அதிகாரி திடுக்கிட்டார், அவர் அதைவிட மிகக் குறைவாக எண்ணியிருந்தார். கென்ட் தம் அலுவலகத்துக்குத் திரும்பி, அந்த வாக்கியத்துக்கு ஒப்புதல் கொடுத்த சக மதிப்பீட்டாளர்களையே விசாரித்தபோது, 20 சதவீதம் முதல் 80 சதவீதம் வரை ஆளுக்கொரு எண்ணை மனத்தில் வைத்திருந்தது தெரிந்தது. சொல்லில் ஒத்துப்போனவர்கள் பொருளில் ஒத்துப்போகவில்லை.

காலநிலை மாற்றம் குறித்து அரசுகளுக்கிடையிலான குழு வெளியிடும் அறிக்கைகளில் இதற்கு நல்ல முறை ஒன்று கையாளப்படுகிறது. "நடக்கக்கூடும்" என்று பொருள்படும் சொல் வந்தால் வாய்ப்பு 66 சதவீதத்துக்கு மேல், "மிகவும் நடக்கக்கூடும்" என்றால் 90-க்கு மேல், "ஏறத்தாழ உறுதி" என்றால் 99-க்கு மேல் என்று வரையறுத்துக்கொண்டு, அந்தச் சொற்களை அந்தப் பொருளில் மட்டும் ஆள்கிறார்கள். உங்கள் அறிக்கையிலும் முதல் பக்கத்தில் மூன்று வரிகளில் இப்படியொரு பட்டியல் போட்டுவிடலாம். உங்கள் மேலாளர் சொல்வதில் ஒரு பாதி உண்மை உண்டு: ஒரே வாக்கியத்தில் "ஒருவேளை", "கூடும்", "எனலாம்" என்று மூன்று முட்டுக் கொடுத்தால் அது எச்சரிக்கையாக இருப்பதில்லை, பயமாகத்தான் தெரியும். ஒன்று போதும்.

கேள்வி: நடுநிலை என்றால் இரண்டு தரப்புக்கும் சம இடம் கொடுப்பதுதானே?

பதில்: இல்லை. சான்று எந்தப் பக்கம் எவ்வளவு கனக்கிறதோ அந்த அளவுக்கு இடம் கொடுப்பதுதான். 2011-இல் பிபிசியின் அறிவியல் செய்திகளை மதிப்பிட்ட மரபியலாளர் ஸ்டீவ் ஜோன்ஸ், அறிவியலாளர்களிடையே பெரும்பாலும் தீர்ந்துவிட்ட விவகாரங்களில்கூட ஓரத்தில் நிற்கும் கருத்துகளுக்கு அளவுக்கு மீறிய கவனம் தரப்படுவதாகக் குறை சொன்னார். இதைப் புகையிலை நிறுவனங்கள் எப்போதோ புரிந்துகொண்டிருந்தன. புகைபிடிப்பதற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு வெளிச்சத்துக்கு வந்தபோது, 1954 ஜனவரி 4 அன்று அமெரிக்காவில் 400-க்கு மேற்பட்ட நாளிதழ்களில் அவை கூட்டாக ஓர் அறிக்கையை வெளியிட்டன. தொடர்பே இல்லை என்று அது அடித்துச் சொல்லவில்லை. நிபுணர்களிடையே ஒத்த கருத்து இல்லை என்று சொல்லி, மேலும் ஆராய உதவப்போவதாக உறுதியளித்தது. இருபக்கமும் பேசுவதுபோல் தோன்றிய அந்தத் தொனியே சார்பின் கருவியாயிற்று.

எதிர்த்தரப்பை எழுதும்போது மட்டும் ஒரு கண்டிப்பு தேவை. அதன் சார்பில் உள்ளவற்றுள் வலுவான வாதத்தை எடுத்து, அத்தரப்பினர் படித்தால் "ஆம், நாங்கள் சொல்வது இதுதான்" என்று தலையாட்டும் விதத்தில் எழுதிவிட்டு, அதன்பின் மறுத்துக்கொள்ளுங்கள். சொத்தையான ஒரு வாதத்தை நீங்களே கற்பித்து, நீங்களே வீழ்த்துவதைப் படிப்பவர்கள் எளிதில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கேள்வி: ஆய்வுக்குப் பணம் கொடுத்தவர் யார் என்பதை எழுதினால், அறிக்கையையே நம்பமாட்டார்களே?

பதில்: எழுதாமல் விட்டு, பின்னால் தெரியவந்தால் என்ன ஆகும் என்பதை யோசியுங்கள். இதய நோய்க்குக் காரணம் கொழுப்பா சர்க்கரையா என்பதை அலசி, ஹார்வர்ட் ஆய்வாளர்கள் எழுதிய மதிப்பாய்வுக் கட்டுரை 1967-இல் அமெரிக்காவின் முன்னணி மருத்துவ இதழ் ஒன்றில் வந்தது. சர்க்கரைத் தொழிலின் ஆய்வு அமைப்பு அதற்கென 6,500 டாலர் கொடுத்திருந்தது கட்டுரையில் இல்லை. அக்காலத்தில் அப்படிச் சொல்ல வேண்டும் என்ற விதியும் இல்லை. அந்த இதழ் அதைக் கட்டாயமாக்கியது 1984-இல்தான். 2016-இல் பழைய கடிதங்கள் வழியே இது வெளியானபோது, ஏறத்தாழ ஐம்பது ஆண்டுப் பழைய கட்டுரை உலகெங்கும் மறுபடி விசாரணைக் கூண்டில் ஏறிற்று. அதில் இருந்த வாதங்கள் சரியா தவறா என்ற பேச்சே பின்னுக்குப் போய்விட்டது.

யார் பணம் கொடுத்தார், வெளியிடுவதற்கு முன் யார் படித்தார், யாருக்குத் திருத்தும் அதிகாரம் இருந்தது என்ற மூன்றையும் முதல் பக்கத்திலேயே, சுருக்கத்துக்கு அருகில் போட்டுவிடுங்கள். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போடுவது, போடாமல் விடுவதைவிடக் கூடுதலான ஐயத்தையே கிளப்பும்.

கேள்வி: மேலிடத்தில் இருப்பவர்கள் சுருக்கத்தைத் தாண்டிப் படிப்பதில்லை. சிலர் நான்கு படவில்லைகளில் (ஸ்லைடுகளில்) முடித்துவிடச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: படிப்பதில்லை என்பதை ஏற்றுக்கொண்டே எழுதுங்கள். உள்ளே ஒழுங்காக எழுதிவிட்டோம் என்று மனநிறைவு கொள்வதில் பொருளில்லை. சுருக்கத்தில் இல்லாத எச்சரிக்கை அறிக்கையிலேயே இல்லாததற்குச் சமம்.

மீண்டும் விண்கலத்துக்கே போவதற்குப் பொறுத்துக்கொள்ள வேண்டும். தன் தவறுகளைப் பற்றிய விசாரணையைப் பொதுவில் வைத்திருக்கும் அமைப்புகளிடமிருந்துதான் நாம் கற்க முடிகிறது. 2003 ஜனவரியில் கொலம்பியா ஏவப்பட்டபோது, பிய்ந்து விழுந்த நுரைத் துண்டு ஒன்று அதன் இறக்கையில் மோதிற்று. ஆபத்துண்டா என்று ஆராய்ந்தவர்கள் தயாரித்த படவில்லைகளில் ஒன்றைப் பிற்பாடு விசாரணைக் குழு தனியே எடுத்துப் பேசியது. அதன் தலைப்பு, சோதனைத் தரவுகள் ஆறுதலளிப்பதாக எண்ணவைக்கும் தொனியில் இருந்தது. அடியில், சிறிய எழுத்தில், உட்பிரிவுக்கு உட்பிரிவாகத் தள்ளப்பட்டிருந்த கடைசி வரிகளில்தான் உண்மையான செய்தி கிடந்தது: மோதிய துண்டின் அளவு 1,920 கன அங்குலம், சோதனையில் பயன்பட்டதோ 3 கன அங்குலம். அறுநூறு மடங்குக்கு மேல் வேறுபாடு உள்ள தரவை வைத்து என்ன சொல்ல முடியும் என்று தலைப்பே கேட்டிருக்க வேண்டும். பிப்ரவரி 1 அன்று, பூமிக்குத் திரும்பும் வழியில் விண்கலம் சிதறிற்று.

ஆகவே தலைப்பை எழுதும்போது, அதன்கீழ் உள்ளவற்றுள் மோசமான செய்தி எது என்று பார்த்து, தலைப்பு அதற்கு முரணாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வரைபடங்களைப் பற்றிச் சுருக்கமாக: பட்டை வரைபடத்தின் அச்சு பூச்சியத்தில் தொடங்கட்டும், கோட்டு வரைபடத்தில் வேறு எண்ணில் தொடங்கினால் அதைக் கண்ணில் படும்படி குறியுங்கள், உங்களுக்குச் சாதகமான ஆண்டிலிருந்து காலவரிசையைத் தொடங்காதீர்கள்.

கேள்வி: எழுதி முடித்த அறிக்கையை யாரிடம் கொடுத்துச் சரிபார்ப்பது?

பதில்: உங்கள் பரிந்துரை நிறைவேறினால் யாருக்கு இழப்போ அவரிடம். அவர் கிடைக்கவில்லை என்றால், அத்துறை தெரிந்த, உங்கள் நிறுவனத்தில் பதவி உயர்வை எதிர்பார்க்காத ஒருவரிடம். "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "நன்றாக இருக்கிறது" என்றுதான் பதில் வரும். "இதில் நீங்கள் நம்பாத முதல் வாக்கியம் எது?" என்று கேளுங்கள். அவர் காட்டும் இடத்தில் பெரும்பாலும் பெயரடை ஒன்று நின்றுகொண்டிருக்கும்: "புரட்சிகரமான", "முழுமையான", "ஒப்பற்ற" என்பவை. அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஓர் எண்ணையோ ஒரு நிபந்தனையையோ வையுங்கள். வைக்க எதுவும் கிடைக்கவில்லை என்றால் வாக்கியத்தையே எடுத்துவிடுங்கள்.

கேள்வி: வெளியிட்ட பிறகு ஒரு எண் தவறு என்று தெரிந்தால், சத்தமில்லாமல் கோப்பை மாற்றிவிடலாமா?

பதில்: கூடாது. பழைய பிரதியை மேற்கோள் காட்டியவர்கள் இருப்பார்கள். முதல் பக்கத்தில் பதிப்பு எண்ணும் தேதியும் இருக்கட்டும். எந்தப் பக்கத்தில் எந்த எண் எதுவாக மாறிற்று, அதனால் முடிவு மாறுகிறதா இல்லையா என்று அதன்கீழேயே இரண்டு வரி சேர்த்துவிட்டு, மூன்று தரப்புக்கான பதிப்புகளையும் ஒரே நாளில் மாற்றுங்கள்.